பார்னெட் போர்க்களமும் ஒரு வழிகாட்டியும்

லண்டனுக்கு நான் போனது அண்ணனின் முழங்காலுக்காக. தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் குடியிருக்கும் அவனுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அண்ணி வேலைக்குப் போய்விடுவாள், பகலில் துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை வரச் சொன்னார்கள். நான் ஈரோட்டில் கால்நடை மருத்துவர். மாட்டைப் பார்க்கிறவள் மனுஷன் காலைப் பார்க்க மாட்டாளா என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

போன முதல் வாரம் அவன் காலை மடக்கவும் நீட்டவும் சொல்லிக்கொண்டிருந்ததிலேயே கழிந்தது. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அம்மிணி, நாளைக்கு நீ ஒரு போர்க்களத்துக்குப் போகணும்" என்றான்.

வலி மாத்திரை அதிகமாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் இதுதான். அவன் ஒரு நடைக் குழுவில் இருக்கிறான். மோர்டனிலும் டூட்டிங்கிலும் இருக்கிற யாழ்ப்பாணக்காரர்கள் சிலர், மாதம் ஒரு சனிக்கிழமை எங்காவது போய் நடந்து, சாப்பிட்டு, திரும்பி வருவார்கள். இந்த மாதம் வடக்கு லண்டனில் பார்னெட் என்ற இடம். பழைய போர் ஒன்று நடந்த இடமாம். அதற்குத் தனியாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தது அண்ணன்தான். இப்போது அவனால் வாசற்படி இறங்க முடியவில்லை.

"அவங்களே போகட்டுமே. நான் எதுக்கு?"

"கைடுகூட பேசினது நான். நம்ம பக்கத்துல ஒரு ஆளு போகலைன்னா நல்லா இருக்காது. குழுவுல ரெண்டு மூணு பேருக்கு வெள்ளைக்காரங்க வேகமா பேசினா புரியாது. நீ தமிழ்ல சொல்லு. அவ்வளவுதான்."

"எந்தப் போர்? யாருக்கும் யாருக்கும்?"

அண்ணன் யோசித்தான். "ஏதோ ரெண்டு ராஜா" என்றான்.

அன்று சாயங்காலம் குழுவில் ஒருவரையாவது முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று டூட்டிங்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் வழக்கம்போல எதிர்த்திசையில் நடந்து, சேலைக் கடை, நகைக் கடை, மறுபடியும் நகைக் கடை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தேன். உள்ளே கொத்து ரொட்டி போடும் சத்தம். நம் ஊர் கொத்து பரோட்டாவின் அதே தாளம். காது ஊருக்குப் போய்விட்டது, கண் மட்டும் கண்ணாடிக்கு வெளியே சிவப்பு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூமா அக்கா மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கும் சேர்த்து வடை, பிளேன் டீ எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"சேகரின்ர தங்கச்சிதானே? இருங்கோ. களைச்சுப் போனீங்கள்."

"ஆமாங்க. வழி மாறிட்டேன்."

"ஓம், எல்லாரும் மாறுறதுதான். நாளைக்கு மோர்டன் ஸ்டேசனுக்கு வெள்ளனவே வந்திடுங்கோ. பேந்து எல்லாம் நாங்கள் பாக்கிறம்."

'பேந்து' என்றால் 'பிறகு' என்று புரிய எனக்கு ஒரு வடை நேரம் ஆயிற்று. போர்க்களத்துக்குப் போகலாம் என்று சொன்னது யார் என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லோரும் கடற்கரை கேட்டார்களாம்.

"நான்தான்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. வடையை இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலை தூறல். மோர்டன் ஸ்டேஷன் வாசலில் எட்டுப் பேர் குடைகளோடும் சாப்பாட்டுப் பைகளோடும் நின்றிருந்தார்கள். அவர்களில் உயரமாக, நரைத்த மீசையோடு எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தவர் ஞானம் அண்ணை. கணக்காளராக இருந்தவர். "தங்கச்சி, எனக்கு இங்கிலீஷ் விளங்கும். நீங்கள் பூமாவுக்கும் லீலா அக்காவுக்கும் சொன்னாப் போதும்" என்றார். பூமா அக்கா அப்போது இரண்டடி தள்ளி நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை, இவரும் அவரைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

போகிற வழி ரொம்ப சுலபம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நார்த்தர்ன் லைனின் தெற்கு முனை மோர்டன், வடக்கு முனைகளில் ஒன்று ஹை பார்னெட். ஏறி உட்கார வேண்டியதுதான். 'முனைகளில் ஒன்று' என்பதை அவன் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில் அந்தக் கறுப்புக் கோடு நடுவில் இரண்டாகப் பிரிந்து, கூடி, மறுபடியும் பிரிந்தது. நான் அறுத்துப் பார்த்த எந்த மாட்டுக் குடலும் இவ்வளவு குழப்பமாக இருந்ததில்லை.

நாங்கள் ஏறியது எட்ஜ்வேர் போகும் வண்டி. கேம்டன் டவுனில் இறங்கி மாற வேண்டும். ஞானம் அண்ணை இரண்டு தடவை எச்சரித்தார். கேம்டன் டவுனில் வண்டி நின்றதும், பெட்டிக்குள் இளைஞர்களின் பெரிய கூட்டம் ஒன்று ஏறியது. "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று அண்ணையின் குரல் பிளாட்பாரத்திலிருந்து கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டுக்கேட்டு வழி விலக்கிக் கதவருகே வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு குடைகள் என்னைப் பார்த்தன. அழைத்துப்போக வந்தவள் மட்டும் தனியாக அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தனியாக இல்லை. தோளுக்குப் பின்னால் பூமா அக்கா நின்றிருந்தார்.

"நீங்க இறங்கலையாக்கா?"

"உங்களை எப்பிடித் தனிய விடுறது?"

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்த்திசை வண்டிக்குக் காத்திருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவராகவே பேசினார்.

"நேற்றைக்குக் கேட்டனீங்கள் எல்லே, ஏன் இந்த இடம் எண்டு. சண்டை முடிஞ்சு கனகாலம் போனா ஒரு இடம் எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவேணும் போல இருந்தது. எங்கட இடம் அந்த நிலைமைக்கு வர நான் இருக்கமாட்டன். அதான்."

நான் தலையாட்டினேன். வண்டி வந்தது.

ஹை பார்னெட் ஸ்டேஷனுக்கு வெளியே மற்றவர்களும் வழிகாட்டியும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வழிகாட்டியின் பெயர் ரோஜர். ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, நெடிய கால்கள், பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் ரசித்துச் சொல்லும் பழக்கம். மேட்டில் ஏறி, கடைத்தெருவைக் கடந்து, ஒரு பெரிய புல்வெளிக்கு எங்களைக் கூட்டிப் போனார். குளம், மரங்கள், பழைய வீடுகள். வழியெல்லாம் நாய்களோடு நடப்பவர்கள். அவ்வளவு நேரத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அந்த நாய்கள்தான். எல்லாம் கொஞ்சம் எடை அதிகம்.

புல்வெளியில் நின்று ரோஜர் தொண்டையைச் செருமினார். "முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர் சரியாக எந்த இடத்தில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"இதைச் சொல்லுறதுக்கோ கைடு பிடிச்சனாங்கள்?" என்றார் ஞானம் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று ரோஜர் என்னைப் பார்த்தார். "ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறதாம்" என்றேன்.

அவர் கைகாட்டினார். இந்தப் புல்வெளியாக இருக்கலாம். அதோ அந்த கோல்ப் மைதானமாக இருக்கலாம். இன்னும் வடக்கே வயல்களாகவும் இருக்கலாம். சாலை பிரிகிற இடத்தில் ஒரு நினைவுக் கல் இருந்தது. வாரிக் பிரபு என்ற பெரிய தளபதி செத்து விழுந்த இடம் என்று நட்டார்களாம். அப்புறம் அந்தக் கல்லையே தூக்கித் தள்ளி வைத்துவிட்டார்களாம். எங்கள் ஊர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்தும்போது சாமியைத் தள்ளி வைப்பார்கள், ஆனால் சாமி வேறு இடத்தில் இருந்தாலும் சாமிதான். செத்த இடத்தை எப்படித் தள்ளி வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிடக் குழப்பம் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ராஜாக்கள். ஹென்றி என்று ஒரு ராஜா. எட்வர்ட் என்று இன்னொரு ராஜா. இருவரும் சொந்தக்காரர்கள். வாரிக் பிரபு முதலில் எட்வர்டை ராஜா ஆக்கினார், பிறகு கோபித்துக்கொண்டு ஹென்றி பக்கம் போனார். எட்வர்டின் தம்பி இந்தப் பக்கம் வந்து மறுபடியும் அந்தப் பக்கம் போய்விட்டான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, லீலா அக்கா, "பொறுங்கோ பிள்ளை, இப்ப ஆர் ஆரோட?" என்று கேட்டார். நான் ரோஜரிடம் கேட்டேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் தப்பாகச் சொன்னேன். கடைசியில் லீலா அக்கா, "விடுங்கோ, எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்று முடித்துவிட்டார்.

அதற்குள் தூறல் நின்று, குளத்துப் பக்கமிருந்து பனி ஏறத் தொடங்கியது. ரோஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. போர் நடந்த அன்றைக்கும் இப்படித்தான் மூடுபனியாம். எதிரில் நிற்கிறவன் யார் என்று தெரியாத பனி. பையிலிருந்து துணியில் தைத்த சின்னங்களை எடுத்தார். சிலவற்றில் கதிர்விடும் நட்சத்திரம். அதை பூமா அக்கா, லீலா அக்கா, இன்னும் இரண்டு பேருக்குக் குத்திவிட்டார். மீதிப் பேரை ஞானம் அண்ணை தலைமையில் வரிசையாக நிற்கவைத்தார்.

அவர் சொன்னதை நான் உற்சாகமாகத் தமிழாக்கினேன். இரண்டு கூட்டமும் ஒரே கட்சி, ஹென்றி ராஜாவின் கட்சி. நட்சத்திரக்காரர்கள் எதிரியைத் துரத்திக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார்கள். பனியில் திரும்பி வருகிறார்கள். எட்வர்ட் ராஜாவின் சின்னம் கதிர்விடும் சூரியன். பனிக்குள் நட்சத்திரம் சூரியன் மாதிரித் தெரிந்துவிட்டது. "இப்ப நட்சத்திரக்காரங்க அந்த மரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. அண்ணை, நீங்க குடையை வில்லு மாதிரிப் பிடிங்க. அவங்க கிட்ட வந்ததும் அம்பு விடணும்."

பூமா அக்கா மரம் வரை போனார். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே பின்னால் வர, அவர் முன்னால் தனியாகப் பனிக்குள்ளிருந்து நடந்து வந்தார். ஞானம் அண்ணை குடையைப் பாதி உயர்த்தியிருந்தார்.

"விடுங்க அண்ணை! விட்டதும் அவங்க 'துரோகம், துரோகம்'னு கத்தணுமாம். சொந்த ஆளுங்களே சுட்டா வேற என்ன சொல்லுவாங்க? துரோகின்னுதானே..."

என் குரல் மட்டும் அந்தப் புல்வெளியில் கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. லீலா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஞானம் அண்ணை குடையைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏலாது" என்றார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கோல்ப் மைதானத்தின் வேலியை நோக்கித் திரும்பி நின்றுவிட்டார்.

பூமா அக்கா நடப்பதை நிறுத்தவில்லை. நேராக என்னிடம் வந்து, நட்சத்திரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா?" என்று ரோஜர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியவில்லை. நான்தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. துரோகம் என்பது எங்கள் ஊரில் மேடையில் மைக் பிடித்தவன் எல்லாம் தினமும் சொல்கிற வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரன் வரப்பைத் தள்ளி வைத்தால்கூடச் சொல்வோம்.

பூமா அக்கா என் காதருகே குனிந்தார். "அவரிட்ட ஒண்டு கேளுங்கோ. சொந்த ஆக்களே கொன்றுபோட்டினம். பேந்து அந்தச் செத்த ஆக்களின்ர வீட்டுக்காரரும், கொன்ற ஆக்களின்ர வீட்டுக்காரரும் ஒரே ஊரில எப்பிடி இருந்தவை? அதைக் கேளுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். பனியில் குரல் நன்றாகவே கேட்டது. வேலிப் பக்கம் நின்ற ஞானம் அண்ணை திரும்பிப் பார்த்தார்.

ரோஜர் மீதிச் சின்னங்களைப் பைக்குள் வைத்தார். "இத்தனை காலமாக இங்கே ஆட்களைக் கூட்டி வருகிறேன். இதை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியவில்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "செத்தவர்களுக்காகப் பிரார்த்திக்க இங்கே ஒரு சின்னக் கோயில் கட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் அங்கே போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோயில் எங்கே இருந்தது என்பதும் தெரியாது" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். பூமா அக்கா தலையசைத்தார். "அந்தாளில பிழை இல்லை" என்றார்.

குளத்தருகே பெஞ்சுகளில் உட்கார்ந்து மட்டன் ரோல்ஸும் எலுமிச்சம்பழ சாதமும் சாப்பிட்டோம். ரோஜர் ஒரு ரோலைக் கடித்துவிட்டு, காரத்தில் கண் கலங்க, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். குழு இரண்டு பெஞ்சுகளாகப் பிரிந்திருந்தது. பழுப்பு நிற லாப்ரடார் ஒன்று வந்து என் முழங்காலில் தலையை வைத்தது. காதைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே புண். அதன் சொந்தக்காரியிடம் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பூமா அக்கா அந்த நாய் புல்வெளி முழுக்க ஓடி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கினம்" என்றார். "நல்லதுதான்."



வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "அடக் கடவுளே, துரோகின்னா சொன்னே?" என்றான். பூமா அக்காவின் அண்ணன் குகன், இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு போராளி இயக்கத்தில் சேர்ந்திருந்தானாம். இன்னொரு தமிழ் இயக்கம் அவனைத் துரோகி என்று அறிவித்துச் சுட்டுவிட்டது. சுட்ட அந்த இயக்கத்தில்தான் ஞானம் அண்ணை இருந்தார்.

"அவரா சுட்டாரு?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே அவர் வெளிநாடு வந்துட்டாரு. ஆனா அதே இயக்கம். இவங்க ரெண்டு பேரும் எத்தனையோ வருஷமா ஒண்ணா நடக்கறாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசி நான் பார்த்ததில்ல. நீ போய்..." 

எனக்கு இரண்டு நாளாகத் தெரிந்த மனிதர்களுக்கு நடுவில் இவ்வளவு பெரிய விஷயம் கிடந்திருக்கிறது. அதன்மேல் நான் செருப்புக் காலோடு ஏறி நின்று கைகொட்டிக் கதை சொல்லியிருக்கிறேன். அழுகை வந்தது. அண்ணி டீ போட்டுத் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞானம் அண்ணை போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"அது இருக்கட்டும். தங்கச்சி, கைடிட்ட ஒரு கேள்வி கேட்டனீங்கள். அது உங்கட கேள்வியோ, பூமா கேட்டதோ?"

"அவங்க கேட்டதுதான் அண்ணை. நான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. 

"அது கைடிட்டக் கேட்ட கேள்வி இல்லை" என்றார். "நான் அவவின்ர வீட்டை போறன். தனிய ஏலாது. நீங்களும் வாறீங்களோ?"

காரில் என்னை ஏற்றிக்கொண்டார். மோர்டனில் பூமா அக்கா வீடு வரும்வரை கண்ணாடித் துடைப்பான் சரியாக வேலை செய்யாததைப் பற்றியே பேசினார். பின் சீட்டில் ஒரு பை நிறைய ஆப்பிள், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிற மாதிரி.

கதவைத் திறந்த பூமா அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு அண்ணை கையிலிருந்த ஆப்பிள்களைப் பார்த்தார்.

"குகனை எனக்குத் தெரியும். என்னோட படிச்சவன்" என்றார் ஞானம் அண்ணை, படியில் நின்றபடியே.

"தெரியும்."

"அவனைச் சுடேக்கை நான் ஜெர்மனியில. கேள்விப்பட்டன். கேள்விப்பட்டும் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கேல்லை. இஞ்ச வந்து உங்களைக் கண்ட பிறகும்..."

"குளிருது. உள்ளுக்கு வாங்கோ" என்றார் பூமா அக்கா.

சின்னக் கூடம். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஞானம் அண்ணை உட்காரவில்லை. பூமா அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே நின்றார்.

"நீங்கள் மன்னிப்பு ஒண்டும் கேக்கவேண்டாம். அது நீங்கள் கேக்கவேண்டிய மன்னிப்பில்லை. ஆனா லண்டனில அவனைத் தெரிஞ்ச ஆள் எண்டு நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீங்கள். அம்மா செத்த பிறகு அவனைப் பற்றி நான் ஒருத்தரோடயும் கதைச்சதில்லை. ஆரோட கதைக்கிறது? ஏதும் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தில அவன் எப்பிடி?"

ஞானம் அண்ணை கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"கிரிக்கெட்" என்றார். "பந்து போடுவான். எங்களில ஒருத்தருக்கும் அவனுக்கு அடிக்க ஏலாது. ஓடி வரேக்கை இடையில ஒரு துள்ளு துள்ளுவான். பாக்கச் சிரிப்பாக் கிடக்கும். ஆனா பந்து வந்திட்டுதெண்டால்..." கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கதவருகே போய் நின்றார். அந்த வயதில், ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் காலுறைகளோடு, கம்பளத்தில் நாலடி ஓடி, நடுவில் ஒரு துள்ளுத் துள்ளி, வலக் கையைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

பூமா அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கை இல்லை" என்றார். "அவன் இடக்கை."

ஞானம் அண்ணை நின்று யோசித்தார். "ஓம்" என்றார். "ஓம், இடக்கை."

மறுபடியும் கதவருகே போய் நின்றுகொண்டார்.